முதலில் சோறு

“இந்தத் தடவை லூர்துசாமியைச் சேர்க்க வேண்டாம் மேடம்” என்றார் கதிரேசன்.

குடியை விட வருகிறவர்களுக்கான அந்த இல்லத்தில் கதிரேசன் ஆலோசகர் வேலை பழகிக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுப்பவர் டாக்டர் நஸீமா, வயதில் அவரைவிட இளையவர். அங்கே குணமாகிப் போன லூர்துசாமி மறுபடியும் குடித்துவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே மனைவியின் தோளில் சாய்ந்து குந்தியிருந்தான். கேட் திறக்காவிட்டால் நேரே எங்கே போவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஏன் சார்?”

“மாசக்கணக்கா தொடாம இருந்தான். மச்சினனோட ஒரு சண்டை. நேரா கடைக்குப் போயிட்டான்.”

“பழக்கத்தால மூளைல பதிஞ்ச தடம் லேசுல அழியாதுன்னு பேசினோமே.”

“படமே போட்டுக் காட்டினீங்க. அதெல்லாம் தெரியாதவனுக்கு மேடம். தெரிஞ்சே போனவனுக்குத் தடமாவது மண்ணாவது!”

லூர்துசாமிக்காக ராப்பகல் பார்க்காமல் மெனக்கெட்டவர் கதிரேசன்தான். கோபத்தைவிட வலிதான் அதிகம்.

நஸீமா வாதாடவில்லை.

“முடிவு உங்களோடது. சாப்பாடு போட்டு அனுப்பிடுங்க.”

விழுந்து திரும்பி வருகிறவருக்கு முதலில் சோறு, பிறகுதான் பேச்சு. அந்த இல்லத்தில் அப்படித்தான்.

கதிரேசன் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குப் போய்த் தட்டில் சோறும் சாம்பாரும் வாங்கினார். “நன்றி கெட்டவன்” என்று முணுமுணுத்துக்கொண்டே, தட்டை உள்ளே வைத்துவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று இடப்பக்கம் திரும்பி நடந்தார். சாப்பாட்டுக்கூடத்தின் கதவைக் காலால் தள்ளினார்.

திறக்கவில்லை. பூட்டு தொங்கியது.

ஓடு ஒழுகியதால் அந்தக் கூடத்தைப் போன பொங்கலுக்கே மூடிவிட்டார்கள். பூட்டியவரே கதிரேசன்தான். புதுக் கூடம் வலப்பக்கம். தினமும் அங்கேதான் அவரும் சாப்பிடுகிறார்.

நஸீமா பின்னாலேயே வந்து நின்றார்.

“புதுக் கூடம் எங்கன்னு தெரியாதா சார்?”

“தெரியும் மேடம். நல்லாவே தெரி...”

கதிரேசன் பூட்டையே பார்த்தார்.

பிறகு தட்டை நஸீமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தார். லூர்துசாமி தலை நிமிரவில்லை.

“எந்திரிங்க லூர்து, சோறு ஆறுது” என்று கதிரேசன் கை நீட்டினார். “சேர்ந்தே போவோம். எனக்கும் வழி தப்புது.”