மின்சாரம் குடிக்காத பெட்டி

மன்னர் காலத்தில் லேப்டாப் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். செங்கோட்டு நாட்டில் லேப்டாப் இருந்தது. அறிவுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

அந்த நாட்டு மன்னர் விசயமாறருக்குத் தம் வேட்டைப் படங்களை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதைவிடப் பெரிய ராஜாங்கக் காரியம் கிடையாது. பக்கத்து நாட்டு அரசர் மலைமுகாமுக்கு விருந்தாளியாக வருகிறார். படம் காட்டியே தீரவேண்டும். மலையில் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி ஒன்றே கதி.

படங்களைக் காக்கும் பொறுப்பு காந்திமதியுடையது. அவற்றை எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வில்லையில் ஏற்றி, அதைச் சின்னப் பெட்டிக்குள் பூட்டி, கேபிளால் லேப்டாப்பில் செருகிப் படம் போடுவாள். பெட்டி பழையது, நிதானமானது. அவள் பதவிமேல் அமைச்சர் வச்சிரபாகுவுக்கு ஒரு கண். வேலைவெட்டி இல்லாத மைத்துனன் ஒருவன் அவர் வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றுகொண்டிருந்தான்.

ஒருநாள் அமைச்சர் சபைக்குப் புதுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நீல விளக்கெல்லாம் எரிந்தது.

"கண்மூடித் திறப்பதற்குள் படம் ஏறிவிடும், மன்னா! காந்திமதியின் பெட்டி வெறும் மாட்டுவண்டி."

லேப்டாப்புக்குச் சுவரிலிருந்து சார்ஜர் போட்டபடி, ஒரே ஒரு பாட்டை ஏற்றிக் காட்டினார். சபை கைதட்டியது. அதற்குத்தானே சம்பளம்.

"மன்னா, வேகம் கூடினால் பெட்டி லேப்டாப்பின் மின்சாரத்தை உறிஞ்சும். சூடேறும். மலையில்..." என்று காந்திமதி தொடங்கினாள்.

"சாக்குப்போக்கு!" என்றார் அமைச்சர். "வேகமும் வேண்டும், மின்சாரமும் செலவாகக் கூடாது, சூடும் ஏறக் கூடாது. கெட்டிக்காரி என்றால் செய்து காட்டட்டுமே!"

நடக்காத காரியம் என்றால் மன்னருக்கு உயிர். "நாளைக் காலை படம் வேகமாக ஓடவேண்டும், காந்திமதி. பெட்டி சொட்டு மின்சாரம் குடிக்கக் கூடாது. சூடேறக் கூடாது. இல்லையென்றால் உன் பதவி அமைச்சரின் மைத்துனனுக்கு!"

காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பதற்குமேல் மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத கூட்டம். இவர்களிடம் எதை விளக்குவது? 'படம் ஓடவேண்டும்' என்று மன்னர் சொன்னதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் தன் பழைய பெட்டியைக் குதிரையின் சேணத்தில் கட்டி, குதிரையைத் தட்டிவிட்டாள்.

"என்ன கூத்து இது?" என்றார் மன்னர்.

"படம் ஓடுகிறது, மன்னா. நாலுகால் பாய்ச்சல்! மின்சாரம் குடிக்கவில்லை. சூடும் இல்லை. திரும்பி வந்ததும் கொஞ்சம் கொள்ளு வைத்தால் போதும்."

"விளையாடுகிறாயா?"

"கேட்டதைத்தான் செய்தேன். இனி அமைச்சர் பெட்டி ஓடட்டும். மலையில் இருப்பதுபோல சார்ஜரைப் பிடுங்கிவிடுவோம். ஒரு பாட்டு போதாது, ராத்திரி லேப்டாப்பில் நகலெடுத்து வைத்த வேட்டைப் படங்கள் அத்தனையும் அதில் ஏறட்டும்."

சொல்லிவிட்டு, அமைச்சரின் பெட்டிமேல் ஒரு உருண்டை வெண்ணெய் வைத்தாள்.

முதலில் படங்கள் பறந்தன. அமைச்சர் மீசையை முறுக்கினார். பிறகு வெண்ணெய் இளகியது, உருகியது, பெட்டியின் நாலு பக்கமும் வழிந்தது. சூடு தாங்காமல் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தது. பேட்டரி பாதிக்கு இறங்கிவிட்டது. தொட்டுப் பார்த்த மன்னர் "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் குதிரை திரும்பிவிட்டது. காந்திமதி பழைய பெட்டியை அவிழ்த்து லேப்டாப்பில் செருகினாள். மிச்சமிருந்த பேட்டரியிலேயே வேட்டைப் படம் கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியது.

"படம் பார்க்க இந்த நிதானம் போதும், மன்னா. படத்தில் தாங்களே பன்றிக்குப் பின்னால் அன்னநடைதானே போடுகிறீர்கள்!"

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு மன்னர் பூரித்துப்போனார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "வேகம் என்றுதானே சொன்னேன்? நீர் ஏன் அடுப்பைக் கொண்டுவந்தீர்?"

அமைச்சர் வாய் திறக்குமுன் காந்திமதி சொன்னாள்: "தாங்கள் 'வேகம்' என்றது அவர் காதில் 'வேகும்' என்று விழுந்திருக்கிறது, மன்னா."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். புதுப்பெட்டியையும் மைத்துனனையும் சேர்த்தே சமையற்கட்டுக்கு அனுப்பினார்.

"சமையற்கட்டுக்கா? அந்தப் பெட்டியில் என்ன வேகும்?" என்று அமைச்சர் முனகினார்.

"எது வேண்டுமானாலும் வேகும், அமைச்சரே," என்றாள் காந்திமதி. "உங்கள் பருப்பைத் தவிர."