வாயைக் கட்டிய வெள்ளாடும் பூக்காத ரோஜாவும்

காட்டின் நடுவே இருந்த அல்லிக்குளத்தின் கரையில் கொம்பாயி என்ற வெள்ளாடு தோட்டம் போட்டாள். செய்தி கேட்டதும் காடே விழுந்து விழுந்து சிரித்தது. ஆடு வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் குதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆடே உள்ளே நின்று மண்ணைக் கொத்திக் களை எடுப்பதை யாரும் பார்த்ததில்லை.

கொம்பாயிக்கும் சிரிப்புத்தான் வந்தது. தன் கதை தனக்குத் தெரியாதா? சுற்றுப்பட்ட ஊர்களில் அவள் வாய் வைக்காத கொல்லை கிடையாது. அவரைப் பந்தலில் தொடங்கி, கொடியில் காயப்போட்ட வேட்டி வரைக்கும் ருசி பார்த்தவள். அவள் முதுகுக்கென்றே ஊருக்கு ஒரு கம்பு தனியாக வைத்திருந்தார்கள். ஓடி ஓடிக் கால் ஓய்ந்து கடைசியில் இந்தக் குளக்கரைக்கு வந்து சேர்ந்தாள். இங்கே மட்டும்தான் அவளை யாரும் விரட்டவில்லை. அவளுக்கு இதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

"திருடித் தின்னு அடி வாங்கினது போதும். நாமே போட்டு நாமே தின்போம்" என்று அவள் முடிவு செய்தாள். ஆடி மாதத்து முதல் மழையில் வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு என்று விதை போட்டாள். எருவுக்கு அவள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நடக்க நடக்க அது தானாகவே விழுந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஓடை வெள்ளம் ஒரு கட்டு ரோஜாக் குச்சிகளை அடித்துக்கொண்டு வந்து கரையில் போட்டது. கொம்பாயி அதில் ஒன்றை எடுத்துச் சும்மா ஊன்றிவைத்தாள். அது துளிர்விட்டு வளர்ந்தது.

அந்த வழியாக வந்தாள் காட்டுக்கோழி கொண்டையம்மாள். அவள் அலகில் ஒரு செய்தி தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"அக்கா, ரோசாச் செடியாச்சே இது! உன் மூக்குக்கு நேரா தளதளன்னு நிக்குது. ஒரு இலைகூட குறையலையே. நீ தின்னலையா?"

உண்மை என்னவென்றால், அன்று காலையில்தான் கொம்பாயி வயிறு முட்ட அவரை இலை தின்றிருந்தாள். ரோஜா தப்பித்தது அதனால்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால் வம்பு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாராட்டுகிற குரலில் ஒருவர் தன்னிடம் பேசுவது அவளுக்கு அதுவே முதல் தடவை. நாக்கு தானாகப் புரண்டது.

"தின்கிறதா? அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு கொண்டை. நான் வாயைக் கட்டிட்டேன்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் குளக்கரையே கூடிவிட்டது. முயல் செவியன் மனைவி மக்களோடு வந்தான். முள்ளம்பன்றி ஈட்டியப்பன் வந்தார். அவர்தான் அந்தக் கரையில் மூத்தவர், எதையும் லேசில் நம்பாதவர்.

"ஆடு வாயைக் கட்டுச்சா? எனக்கு முள்ளு உதிர்ந்துபோச்சுன்னு சொல்லு, நம்புறேன்" என்றார் ஈட்டியப்பன்.

கொம்பாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தாள்.

"ரோசா மட்டும் இல்லண்ணே. இந்தத் தோட்டத்துல ஒரு காய், ஒரு இலை என் வாயில படாது. பட்டுச்சுன்னா அன்னைக்கே இந்தக் கரையை விட்டுப் போயிடறேன். இது சத்தியம். கார்த்திகைக்கு ரோசா பூக்கும். எல்லாரும் வந்து பாருங்க."

கூட்டம் அசந்துபோனது. கொம்பாயியின் வயிறு மட்டும், "யாரைக் கேட்டு சத்தியம் பண்ணினே?" என்று உள்ளிருந்து கேட்டது. அவள் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் குளக்கரையில் தனி மரியாதை. தவளைகள்கூட அவளைக் கண்டால் சத்தத்தைக் குறைத்தன. மீதி ரோஜாக் குச்சிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய் எல்லோரும் நட்டார்கள். பக்கத்திலேயே நாலு காய்கறி விதையும் போட்டார்கள். "ஒரு ஆடே வாயைக் கட்டும்போது நம்மால முடியாதா?" என்று அவர்களும் தங்கள் தோட்டத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொம்பாயி குளத்துக்கு அந்தப்புறம் போய்க் காய்ந்த கோரைப்புல்லைக் கடித்துவிட்டு வந்தாள். வந்ததும் தன் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கினாள். வெண்டை பிஞ்சு விட்டது, காயானது, முற்றியது. பீர்க்கு உள்ளே நாராகி வெளியே சருகாகித் தொங்கியது. அவரை நெற்றாகிக் காற்றில் கலகலத்தது. காய் முற்ற முற்றச் செடிகள் தங்கள் வேலை முடிந்தது என்று பூப்பதையே நிறுத்திவிட்டன.

ஒருநாள் ஈட்டியப்பன் வந்து ஒரு வெண்டைக்காயைக் கடித்துப் பார்த்தார். பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டது.

"கொம்பாயி, இதை வெச்சுக் கட்டில் பின்னலாம். கறி வைக்க முடியாது. இதெல்லாம் யாருக்காகப் போட்டே?"

"பார்க்கிறதுக்குண்ணே" என்றாள் அவள்.

"உன் விலா எலும்பையும் நல்லாப் பார்க்க முடியுது" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

ரோஜாவாவது மானத்தைக் காப்பாற்றும் என்று அவள் நம்பினாள். அதுவோ அவள் கொம்புக்கு மேலே ஒல்லியாக உயர்ந்து போய்க்கொண்டிருந்தது. இலை உண்டு, முள் உண்டு, மொட்டு மட்டும் இல்லை. கார்த்திகை நெருங்கிவிட்டது. பூப் பார்க்க வருவதற்குக் காட்டின் அடுத்த கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் கிளம்பிவிட்டதாகக் கொண்டையம்மாள் சொல்லிப் போனாள். அவர்களை அழைத்ததே அந்தக் கோழிதான்.

அன்று மத்தியானம் எல்லோரும் நிழலில் கண்ணயர்ந்த நேரம். கொம்பாயி ரோஜாவின் பக்கத்தில் நின்றாள். பசியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மோந்து பார்த்தா என்ன, மோந்து பார்க்கிறது தின்கிறது ஆகாது" என்றாள் தனக்குத்தானே. மோந்தாள்.

"இந்த இலை பழுத்துப்போச்சு. எப்படியும் விழத்தான் போகுது. கீழே விழுந்து அடிபடுறதுக்கு வாயிலேயே விழட்டும்." அது உள்ளே போனது.

"இது பூச்சி அரிச்ச இலை. இதை எடுக்கிறது வைத்தியம்." அதுவும் போனது.

அப்புறம் காரணம் சொல்ல வாய்க்கு நேரமில்லை. கண்ணைத் திறந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு மொட்டைக் குச்சிதான் நின்றுகொண்டிருந்தது. கொம்பாயி அதைப் பார்த்தாள். தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் புரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. "நல்லா வாயைக் கட்டினே போ. கட்டு ரெண்டு பக்கமும் அவுந்து போயிடுச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தூரத்தில் கொண்டையம்மாள் வரும் சத்தம் கேட்டது. கொம்பாயி ஓடிப்போய்த் தோட்டத்து வாசலின் ஓலைப் படலை அடைத்து அதன் முன்னால் நின்றாள்.

"என்னக்கா தாடியெல்லாம் பச்சையா இருக்கு?"

"பச்சிலை வைத்தியம். தாடியில பொடுகு."

"ரோசா மொட்டு விட்டுச்சா?"

"ரோசா இப்ப தவத்துல இருக்கு" என்றாள் கொம்பாயி. சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. "பெரிய செடிங்க பூக்கிறதுக்கு முன்னாடி தனிமை கேட்கும். யாரு கண்ணும் படக்கூடாது. தை பொறந்ததும் படலைத் திறக்கிறேன். எல்லாரையும் அப்ப வரச் சொல்லு."

அன்றே தோட்டத்தைச் சுற்றிக் கருவேல முள்ளைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு அடைத்தாள். உள்ளே தன்னையும் சேர்த்து அடைத்துக்கொண்டாள். ஆடு தானே வேலி போட்டுத் தானே உள்ளே மாட்டிக்கொண்டதை நினைத்து அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சத்தியம்தான் போய்விட்டது, பசி போகவில்லையே! முற்றிய காய்களையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். அவரைக் கொடியின் நுனிகளை மேய்ந்தாள். சில நாளில் பக்கத்தில் புதுக் கிளை விட்டுப் பூத்தது. பிஞ்சு வந்தது, அதைத் தின்றாள். இன்னும் அதிகமாக வந்தது. வெண்டையை விரல் நீளத்திலேயே ஒடித்து மென்றாள். அடுத்த நாளே அதற்கு மேல் கணுவில் இன்னொன்று எட்டிப் பார்த்தது. கத்தரியும் விடவில்லை. தோட்டம் தன்னைக் கேலி செய்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் தின்பதை நிறுத்தவில்லை. பனிக்காலத்து அவரைப் பிஞ்சின் ருசியில் மயங்கி, சில நேரம் வாலை ஆட்டியபடி நின்றுவிடுவாள்.

மொட்டை ரோஜாவிலும் செக்கச்செவேல் என்று துளிர்கள் வெடித்தன. ஒவ்வொரு துளிரின் நுனியிலும் ஒரு மொட்டு. கொம்பாயி அதன் எதிரே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தாள்.

தை பிறந்தது. படல் திறந்தது. செடி தெரியாத அளவுக்கு ரோஜா பூத்திருந்தது. வந்தவர்கள் மூச்சு விடவும் மறந்துபோனார்கள்.

"பார்த்தீங்களா? ஒரு இலை தொடாம வளர்த்த செடி! இதுக்குப் பேருதான் தவம்" என்று கொண்டையம்மாள் கூவினாள். கூட்டம் கொம்பாயியைக் கைகூப்பிக் கும்பிட்டது. அவள் கொம்பை நிமிர்த்திக்கொண்டாள். நிமிர்ந்த கொம்பு இறங்க மனமில்லாமல் நின்றது.

அப்போது முயல் செவியன் முன்னால் வந்தான். தோலும் எலும்புமாக இருந்தான். அவன் பின்னால் அவன் குட்டிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன.

"அக்கா, நாங்களும் எங்க தோட்டத்துல எதையும் தொடலை. ஆனா எங்க ரோசா இன்னும் பூக்கலை. எங்க விரதம் போதலைன்னு நினைக்கிறேன். தின்கிற நாலு காய்ஞ்ச புல்லையும் நாளையிலிருந்து விட்டுடலாம்னு இருக்கோம்" என்றான்.

கொம்பாயி அந்தக் குட்டிகளைப் பார்த்தாள். சின்னக் குட்டியின் காது நிற்கத் தெம்பில்லாமல் முகத்தில் விழுந்து கிடந்தது. வாயைத் திறந்தால் இந்தக் கரை போய்விடும், திறக்காவிட்டால் அந்தக் குட்டிகள் போய்விடும். அவள் கொம்பு தானாகத் தாழ்ந்தது.

"செவியா, நிறுத்து" என்றாள். "விரதமும் இல்லை, தவமும் இல்லை. இந்த ரோசாவை நான் தின்னுட்டேன்."

கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"முழுசாத் தின்னேன். குச்சிதான் மிச்சம். முதல்ல மோந்து பார்க்கிறேன்னு ஆரம்பிச்சேன், பூச்சி இலைக்கு வைத்தியம்னு முடிச்சேன். அவரையைத் தின்னேன், வெண்டையைத் தின்னேன், தினமும் தின்னேன். தின்னதுக்கு அப்புறம்தான் எல்லாம் பூத்துச்சு, காய்ச்சுச்சு. தாடி பச்சையா இருந்தது பொடுகு இல்லை கொண்டை, ரோசா இலை. நீங்க கும்பிட்டது ஒரு திருட்டு ஆட்டை. அதுவும் தன் வீட்டுலேயே திருடின ஆட்டை. குட்டிங்களை உள்ளே விடு செவியா, பிஞ்சு நிறைய இருக்கு. நான் சத்தியம் பண்ணின மாதிரி கிளம்புறேன்."

முயல் குட்டிகள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. அவரைப் பந்தலுக்கு அடியில் கடிக்கும் சத்தம் கேட்டது. கொம்பாயி தலையைக் குனிந்துகொண்டு படலைத் தாண்டினாள். மறுபடியும் ஊர் ஊராகக் கம்புக்கு முதுகைக் காட்ட வேண்டும் என்று நினைத்தபோது அவள் ஒருமுறை குளத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வழியை மறித்துக்கொண்டு ஈட்டியப்பன் நின்றார். முட்கள் அத்தனையும் விறைத்திருந்தன. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போறதுன்னா தாராளமாப் போ. யாரும் தடுக்கலை. போற வழியில என் வீட்டு ரோசாவையும் தின்னுட்டுப் போ" என்றார் ஈட்டியப்பன். "பனைமரமாட்டம் வளர்ந்து நிக்குது."

"எங்களுதும்" என்றான் செவியன்.

"பொய் சொன்னதுக்கு உன்கூட பேசவே கூடாது. ஆனா என் கத்தரிச் செடியையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போக்கா" என்றாள் கொண்டையம்மாள்.

கொம்பாயி அழுதுகொண்டே தின்றாள், தின்றுகொண்டே சிரித்தாள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கரையைச் சுற்றி வந்தாள். கடைசி வீட்டுச் செடியைத் தின்று முடிப்பதற்குள் முதல் வீட்டுச் செடி துளிர்த்துத் தயாராக நின்றது. அதனால் இன்று வரைக்கும் அவளால் அந்தக் கரையை விட்டுக் கிளம்ப முடியவில்லை.

புகழுக்காகத் தன் இயல்பை மறைப்பவர் தானும் பட்டினி கிடந்து பிறரையும் பட்டினி போடுவார். உண்மையைச் சொல்லித் தலைகுனியத் துணிந்தவருக்கே ஊரில் என்றும் இடம் உண்டு.