நத்தை ஓடு தின்னாத காட்டுக்கோழி

ஓடைக்கரைக் காட்டில் செவ்வந்தி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். அவள் கழுத்து இறகுக்குள் பொட்டு என்ற பேன் குடியிருந்தது. கோழிக்கு ஒன்று ஆகிவிட்டால் தன் பிழைப்பும் போச்சு என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

முட்டையிடும் காலம் வந்தது. மற்றக் கோழிகள் விடிந்ததும் ஓடைக்குப் போய், காலி நத்தை ஓடுகளைக் கொத்தித் தின்றன. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமே. செவ்வந்திக்கும் அவற்றைக் கண்டால் வாய் ஊறும். ஆனால் எதிர்ப் பாறையில் மயில் நிற்கும்.

"மயில் பார்க்க நான் குப்பை பொறுக்குவதா?" என்று தினைக்காட்டுக்குப் போய்விடுவாள்.

அவள் கழுத்துக்குள் எள்ளளவு காவலாளிகள் சிலர் இருந்தார்கள். ரத்தத்தில் சுண்ணாம்பு எவ்வளவு ஓடுகிறது என்று ருசி பார்ப்பதுதான் அவர்கள் வேலை. போதுமென்றால் பேசாமல் கிடப்பார்கள். குறைந்தால் கத்துவார்கள். ஒருநாள் அந்தக் கத்தல் பொட்டுவின் காதில் விழுந்தது.

"குறைகிறது! எலும்பிலிருந்து எடு!"

பொட்டு செவ்வந்தியின் காதருகே ஏறியது.

"தாயே, உன் கழுத்துக் காவலாளிகள் உன் கால் எலும்பைக் கரைத்துத்தான் முட்டைக்கு ஓடு போடுகிறார்கள். நாலு நத்தை ஓடு தின்னேன்."

"என் முட்டையைத் தட்டிப் பார், கல் மாதிரி இருக்கிறது. எனக்கு என்ன குறை?"

"முட்டையில் தெரியாது. ரத்தத்திலும் தெரியாது, அவர்கள்தான் சரிக்கட்டிவிடுகிறார்களே. குறைவதெல்லாம் காலில்."

"என் தோலைச் சுரண்டித் தின்கிற நீ எனக்குப் புத்தி சொல்கிறாயா?"

பொட்டு இறகுக்குள் திரும்பிப் போனது. கோபம்தான், ஆனால் போக வேறு இடமில்லை. நாளுக்கொரு முட்டை, நாள் தவறாமல் அதே கத்தல். பதினைந்து முட்டை சேர்ந்தது. மயில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் புதரிலிருந்து கீரி பாய்ந்தது. மற்றக் கோழிகள் கிளைக்குத் தாவின. செவ்வந்தியும் எம்பினாள். எம்பிய கால் காய்ந்த சுள்ளியாக முறிந்தது.

"பொட்டு, கால் போச்சே!"

பொட்டுவுக்கு அழுகைதான் வந்தது. பிய்ந்து விழுந்த ஓர் இறகில் தொற்றிக்கொண்டு, கீரி அவளை இழுத்துப் போவதைப் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் கீரி முட்டைகளுக்காகத் திரும்பி வந்தது. முதல் முட்டையைப் பாறையில் அடித்தது. உடையவில்லை. இன்னொரு முறை ஓங்கி அடித்தது.

"நல்ல கெட்டி ஓடு," என்று மெச்சிக்கொண்டே பதினைந்தையும் குடித்துவிட்டுப் போனது.

பிறர் மெச்ச வேண்டுமென்று தன் உள்ளிருப்பைக் கரைப்பவரை, ஓட வேண்டிய நாளில் அவர் காலே கைவிட்டுவிடும்.