வானவர் கீதம் உடையும் இடம்

சிஸ்டர் மிக்கேலம்மாளின் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. ஆயரின் இருமல், பங்குச் சாமியாரின் ஸ்கூட்டர், பால்காரரின் கூவல் எல்லாம் கேட்ட மாத்திரத்தில் அச்சுப்பிசகாமல் வரும். நாற்பத்தேழு வயதிலும் மடத்தில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால், அது அவள் கைவரிசைதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக் காலத்தில், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுதிரிகளில் முதலாவதை ஏற்றிய அன்று, மடத்துத் தலைவி மதர் கித்தேரியிடம் போய் நின்றாள்.

"அன்பார்ந்த தாயே! வரவிருக்கும் பாலனுக்கு நம் இதயங்களை எவ்விதம் ஆயத்தம் செய்வோம்?"

மதர் அவளைவிட ஆறு வயது இளையவர். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இது தியானம் குடுக்க வந்த சாமியார் குரல். மிக்கேலம்மா சிஸ்டர் எங்க?"

"இங்கனதான நிக்கேன், தாயி!" இப்போது அவள் வாயில் சமையல்கார சவேரியக்காவின் குரல்.

மதர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்:

"பிரகாசி சிஸ்டர் கதவைத் தட்டுங்க. யாருன்னு கேப்பாங்க. பதில் சொல்லிட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மிக்கேலம்மாளின் முகம் சுண்டிப்போனது.

திருவருகைக் கால ஞாயிறுகளில் வாய்மூடிக் கிடக்கும் வானவர் கீதம் என்ற பூசைப் பாட்டு, பிறப்பு விழாவில் மணியோசையோடு திரும்பி வரும். இருபது வருடமாக அதை எடுத்துக் கொடுத்தவர் சிஸ்டர் பிரகாசி. உச்சத்தில் ஓரிடத்தில் அவர் குரல் விரிசல் விட்ட பானைபோல உடையும். போன மாதம் சாப்பாட்டு மேசையில் மிக்கேலம்மாள் அந்த விரிசலை அப்படியே பாடிக் காட்டினாள். மேசையே குலுங்கியது. பிரகாசியும் சிரித்தார். மறுநாளிலிருந்து கோயிலில் அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. "இந்த வருசம் வேற யாராவது பாடட்டும் மதர்" என்று சொல்லியும் விட்டார்.

மிக்கேலம்மாள் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான், திறங்க சிஸ்டர்." மதரின் குரல் அச்சாக வந்தது.

கதவு திறந்தது. பிரகாசி அவளைப் பார்த்தார். சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது திரி ஏற்றிய வாரம் மறுபடி போனாள்.

"யாரு?"

"பாலேய்!"

"பால் வேண்டாம்" என்றது உள்ளே இருந்த குரல்.

மூன்றாவது வாரம் தட்டிவிட்டு வாயைத் திறந்தாள். ஆயர், சாமியார், சவேரியக்கா என்று எல்லாரும் தொண்டையில் முண்டியடித்தார்கள். அத்தனை பேரையும் விழுங்கினாள். மிச்சம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டாள்.

"பதில் சொன்னீங்களா?"

"வரல மதர்."

"சரி. இன்னும் ஒரு திரி இருக்கு."

நான்காவது வாரம் கதவு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுத் தட்டினாள்.

"யாரு?"

"நா... நான்தான். மிக்கேலம்மா."

மெலிந்த குரல். பாதியிலேயே கீறி உடைந்தது. அவளுக்கே அது யாரோபோல இருந்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவருகே வந்து நின்ற பிரகாசி கேட்டார்: "யாரது? இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே."

"என்கிட்ட இருக்கிறது இதுதான் சிஸ்டர். உங்களைச் சிரிப்பாக்கிட்டேன். மன்னிச்சிருங்க. நீங்க பாடாம எனக்குத் திருநாள் வராது."

தாழ்ப்பாள் விலகியது.

அன்று மத்தியானம் மதர் கிறிஸ்துமஸ் குடிலின் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். அதில் கிடத்த வேண்டிய பாலன் இயேசுவின் சுரூபம் இன்னும் பெட்டியில்தான் இருந்தது. மிக்கேலம்மாள் வந்து நின்றாள்.

"பிரகாசி சிஸ்டர் பாடுறாங்களாம் மதர். ஆனா நானும் பக்கத்துல நின்னு பாடணுமாம். என் சொந்தக் குரல்ல."

"பாடுங்க."

"அதுவும் உடையுது மதர். ரெண்டு பேரும் ஒரே இடத்துல உடைஞ்சா கோயிலே சிரிக்கும்."

மதர் ஒரு கை வைக்கோலை உதறிப் போட்டார்.

"பெரியவங்க சிரிக்கட்டும் சிஸ்டர். பிறந்த பிள்ளைக்கு எல்லாக் குரலும் புதுசுதானே."