யார் கை நீட்டினாலும்

"ஆசானே, ஒரு குடிகாரன் கை நீட்டினான். நீங்க கிரேனை நிறுத்திட்டீங்க. இது நியாயமா?"

பட்டமுத்து கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆசான் மாடத்திக்கு முப்பத்தாறு.

மாடத்தி வடையைப் பிய்த்தாள்.

மாடத்தி யாரென்று சொல்லிவிடுகிறேன். மரம் வெட்டும் வேலைக்குக் கிரேன் லாரி ஓட்டுகிறவள். மலையடிவாரத்தில் ஏழு ஊருக்கு அவள் ஒருத்திதான். பறக்கிற கொசுவின் மீசையைக் கொக்கியால் ஒதுக்கிவிடுவாள், கொசுவுக்கு வலிக்காது. ஒருமுறை கல்யாண வீட்டு வாசலில் நின்ற தென்னையை மண்ணோடு தூக்கி லாரியில் வைத்தாள். உச்சியில் தூங்கிய அணில் அடுத்த ஊரில்தான் கண் விழித்தது. இறங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே பெண் எடுத்துக்கொண்டது.

நம்பாதவர்கள் அந்த அணிலின் பேரன்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டமுத்து முப்பது வருடம் மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டியவர். முழங்கால் போய்விட்டது. கிரேன் ஓட்டும் சான்றிதழ் வாங்கினால் உட்கார்ந்தபடி பிழைக்கலாம். வாங்காவிட்டால் மருமகனுடைய மரக்கடையில் வாட்ச்மேன் உத்தியோகம். மருமகன் இப்போதே அவருக்கு ஒரு விசில் வாங்கி ஆணியில் மாட்டிவைத்திருந்தான். வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் சான்றிதழ் கிடையாது. இன்னும் பதினொரு நாள் இருந்தது.

"அரை டன் வேப்பங்கொம்பு, ஆசானே. இருபது நிமிசம் அந்தரத்துல தொங்குச்சு."

"ஆமா."

உண்மைதான். தொங்கியபடியே அந்தக் கொம்பு இரண்டு கொத்துப் பூ பூத்தது.

"நீங்க எறங்கிப் போயி அந்தக் குடிகாரன்கிட்ட எதுக்கு நிறுத்தச் சொன்னீங்கன்னு கேட்டீங்க. அவன் என்ன சொன்னான்?"

"'நானா? எப்போ?'ன்னு கேட்டாரு."

"அவனுக்கு டீ வேற வாங்கிக் குடுத்தீங்க."

"சர்க்கரை தூக்கலா."

"போன மாசம் ஒரு பெரிய அதிகாரி 'தூக்கு, தூக்கு'ன்னு தொண்டை கிழியக் கத்தினாரு. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"அவரு சிக்னல் ஆளு இல்லையே."

"குடிகாரன் மட்டும் சிக்னல் ஆளா?"

கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்கச் சொல்ல ஒரே ஓர் ஆள். ஆரஞ்சுச் சட்டை போட்டு, கீழே நின்று, விரலை மேலே காட்டிச் சுழற்றுவார். அவர் விரலுக்குத்தான் கொக்கி அசையும். நிறுத்துவதற்கு அப்படி ஆள் கிடையாது. வழியில் போகிற எவரும் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினால் போதும். நிறுத்திவிட வேண்டும்.

எழுதிவைத்த வழக்கம். எல்லாருக்கும் தெரியும். மாடத்தி மட்டும் அதன்படி நடந்தாள்.

"அண்ணாச்சி, தூக்குன்னு சொல்லுதவனுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?"

பட்டமுத்து விரல் மடக்கினார். "எடை. தூரம். காத்து. பெல்ட்டோட பலம். கிரேன் கால் நிக்கிற மண்ணு. மேல நிக்கிற ஆளு."

"நிறுத்துன்னு சொல்லுதவனுக்கு?"

பட்டமுத்துவின் விரல் மடங்கவில்லை.

பஸ்ஸில் யோசித்தார். சாப்பாட்டில் யோசித்தார். ரசத்தை மோர் என்று நினைத்துக் குடித்தார். மறுநாள் காலை ஓடிவந்தார்.

"காரணம், ஆசானே! காரணம் தெரிஞ்சிருக்கணும்."

மாடத்தி சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் லாரிக் கண்ணாடி தானாக இறங்கியது.

"கொக்கிக்குக் கிரீஸ் வைங்க, அண்ணாச்சி."

*

நான்காம் நாள் பயணியர் விடுதி வாசலில் வேலை.

அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிழக்குக் கிளைக் காக்கை மேற்குக் கிளையில் சம்பந்தம் பேசப் போனால் கட்டுச்சோறு கொண்டுபோகும். அப்பேர்ப்பட்ட மரத்தில் ஒரு கிளை காற்றில் விரிசல் விட்டு, சாலைக்கு மேலே தொங்கியது.

பத்து மணிக்கு ஒரு பெரிய விருந்தாளி அந்த வழியே வருகிறார். வேலையை முடுக்க தனஞ்செயன் என்ற தனி அலுவலர் வந்து நின்றார். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரேதான்.

"எத்தனை துண்டாம்மா எடுப்பே?"

"ஏழு துண்டா எடுத்தா சாயங்காலம் ஆகும் சார்."

"ஒரே துண்டா எடு."

மாடத்தி கிளையை அண்ணாந்து பார்த்தாள். மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு டன் வரும். இந்தத் தூரத்துக்குக் கிரேன் மூணு தாங்கும். எடுக்கலாம் சார். கீழ அண்ணாச்சி நிப்பாரு. அவரு விரல் காட்டினா எடுப்பேன்."

பட்டமுத்துவுக்கு ஆரஞ்சுச் சட்டை. அன்றைக்குத்தான் முதல்முறை. மார்பு இரண்டங்குலம் அகன்றது. ஒரு பொத்தான் தெறித்துச் சாலைக்கு அந்தப்புறம் விழுந்தது.

எஸ்தாக்கி மரத்தில் ஏறினான். அவன்தான் அறுக்கிற ஆள். கிளைக்குப் பெல்ட் போட்டு, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டினான். தன்னை அடிமரத்தோடு கட்டிக்கொண்டு வெட்டு விழும் இடத்துக்குக் கீழே நின்றான். கிளை அறுந்ததும் கிரேன் அதை மேலே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் கிளை வேறு பக்கம் திரும்பினால் முதலில் அடி வாங்குவது எஸ்தாக்கி. கட்டியிருப்பதால் ஓடவும் முடியாது.

"அண்ணாச்சி! ரெடி!" மேலிருந்து கத்தினான்.

பட்டமுத்து விரலை உயர்த்தினார். பாதி உயர்ந்தது. இறங்கிவிட்டது.

"என்னாச்சு?" என்றார் அலுவலர்.

"இன்னொரு தடவை பார்க்கணும் சார்."

"எதைப் பார்க்கணும்?"

"அதான் தெரியல."

"பெல்ட் சரியா?"

"சரி சார்."

"எடை?"

"சரி."

"காத்து?"

"இல்ல சார்."

"பின்னே?"

"என்னமோ..."

"மணி ஒன்பதே கால். எனக்கு இந்த 'என்னமோ' எல்லாம் வேண்டாம். சட்டையைக் கழட்டுங்க."

ஆரஞ்சுச் சட்டை பட்டமுத்துவின் உடம்பிலிருந்து இறங்கி, அலுவலரின் உதவியாளர் கோகுலின் உடம்பில் ஏறியது. எடுபிடிப் பையன் இல்லை, படித்த ஆள். கிரேன் சைகைக்கு மூன்று நாள் பயிற்சி முடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர்.

பட்டமுத்து ஆசானைப் பார்த்தார்.

மாடத்தி கேபினிலிருந்து தலையை நீட்டினாள். "இப்போ யாரு சிக்னல்?"

"இவர்தான்" என்றார் அலுவலர்.

"சரி. அண்ணாச்சி, நீங்க கயித்துக்கு வெளிய போயிருங்க."

வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிறு அது. அந்தப் பக்கம் ஒரு பூக்காரி, இரண்டு ஆட்டோக்காரர்கள், சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒரு தபால்காரர்.

"என்னா அண்ணாச்சி, சட்டையைப் பிடுங்கிட்டாங்களா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"வெயிலுக்குக் கழட்டினேன்."

"கழட்டினதுதான் கழட்டினீங்க, கிளை நம்ம வண்டிக்கு மேல விழாம பார்த்துக்கச் சொல்லுங்க."

அலுவலர் தனஞ்செயன் பொல்லாதவர் இல்லை. கயிற்றோரம் வந்தார். கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தபால்காரரின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். முதுகு ஒருமுறை குலுங்கியது.

"பட்டமுத்து, மனசுல வச்சுக்காதீங்க. உங்க சான்றிதழ். இந்தாங்க, பிடிங்க."

நீட்டினார்.

அங்கே கோகுல் விரலைச் சுழற்றினார். கொக்கி ஏறியது. பெல்ட் இறுகியது. கிளை ஒருமுறை முனகியது. மேலே எஸ்தாக்கி மோட்டார் வாளை முடுக்கினான்.

காகிதம் பட்டமுத்துவின் முகத்துக்கு நேரே இருந்தது. அவருடைய பெயர் தப்பில்லாமல் எழுதியிருந்தது. அதுவே அபூர்வம்.

பட்டமுத்து கையை நீட்டினார்.

கை காகிதத்தைத் தாண்டிப் போனது. பக்கவாட்டில் விறைத்து நின்றது. உள்ளங்கை தரையைப் பார்த்தது.

கிரேன் நின்றது. மாடத்தி ஹாரன் அடித்தாள். மேலே வாளும் நின்றது.

அப்படியொரு அமைதி. பூக்காரியின் கூடையில் ஒரு மொட்டு விரிந்த சத்தம் சாலை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா நிறுத்தினே?" அலுவலர் கத்தினார்.

"ஒருத்தர் கை நீட்டினாரு சார்."

"அந்தாள் சிக்னல் இல்லை!"

"தெரியும் சார்."

"அவன் யாரோ ஒருத்தன்!"

"ஆமா சார். யாரோ ஒருத்தர் நீட்டினாரு. நிறுத்திட்டேன்."

அலுவலர் பட்டமுத்துவிடம் திரும்பினார். கழுத்து நரம்பு பெல்ட்டைவிட இறுகியிருந்தது.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் கண்டுபிடிக்கல சார்."

"அப்புறம் எதுக்குய்யா கை?"

"தெரியல சார்."

"தெரியலன்னா கையை இறக்கு!"

"தெரிஞ்சதும் இறக்குதேன்."

ஆட்டோக்காரர் விசிலடித்தார். பட்டமுத்துவின் கை இறங்கவில்லை. போகிற போக்கில் ஒரு காக்கை அதைக் கிளை என்று நினைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

எல்லாவற்றையும் சோதித்தார்கள். எஸ்தாக்கி பெல்ட்டை நூல் நூலாகத் தடவினான். மாடத்தி கிரேனின் நான்கு காலையும் சுற்றிவந்து, மண்ணை மிதித்துப் பார்த்தாள். கோகுல் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் பட்டமுத்துவே ஒற்றைக் கையை நீட்டியபடி மரத்தைச் சுற்றிவந்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. விருந்தாளியின் கார்கள் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் பஸ்கள். பஸ்களுக்குப் பின்னால் நின்ற கடைசி மாட்டுவண்டி அடுத்த தாலுகாவில் இருந்தது.

ஒன்றுமே இல்லை.

பெல்ட் சரி. எடை சரி. மண் சரி. விரிசல்கூடக் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பார்த்தியா?" என்றார் அலுவலர். "ஒண்ணுமில்லை!"

பட்டமுத்து கையை இறக்கினார்.

"ஆமா சார். ஒண்ணுமில்ல."

அலுவலர் காகிதத்தைக் கிழித்தார். மடித்து, மறுபடி கிழித்தார். முத்திரை விழுந்த துண்டைத் தனியாக இன்னொரு தடவை கிழித்தார்.

பட்டமுத்து ஆசானிடம் நடந்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கு நிறுத்திட்டேன், ஆசானே."

"நிறுத்தினது நானு, அண்ணாச்சி. நீங்க கைதான் நீட்டினீங்க."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். யாருக்கும் அடி இல்லையே, வாய் விட்டுச் சிரிக்கலாம்."

அவள் கேபினில் ஏறினாள்.

அலுவலர் கைதட்டினார். "கோகுல், உங்க இடத்துல போய் நில்லுங்க! எல்லாம் சரியா இருக்கு. எடுங்க!"

கோகுல் நின்றார். விரலை உயர்த்தினார்.

மேலிருந்து ஏதோ இறங்கியது. எஸ்தாக்கியின் வாள். கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தான். அது அலுவலரின் காலடியில் வந்து உட்கார்ந்தது.

"டேய், என்னடா இது?"

"கீழ சிக்னல் யாரு சார்?" என்று எஸ்தாக்கி கேட்டான்.

"கோகுல்."

"அப்ப அறுக்கல."

"என்னது?"

"அறுக்கல சார். அண்ணாச்சி நின்னாத்தான் அறுப்பேன்."

விருந்தாளியின் கார் ஒன்று ஹாரன் அடித்தது. எஸ்தாக்கி தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கவட்டில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, பீடி பற்றவைத்தான்.

"உன்னை இந்த வேலையிலிருந்தே தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. இறங்கச் சொல்லாதீங்க, நிழல் நல்லா இருக்கு."

"முட்டாளே, அந்தாள் ஒண்ணுமே இல்லாததுக்கு நிறுத்தினவன்டா!"

எஸ்தாக்கி புகையை ஊதினான்.

"அதான் சார். ஒண்ணுமில்லாததுக்கே நிறுத்துதாரு. அந்த மனுசன் கீழ நின்னா நான் மேல நிப்பேன்."