கீறல் விழுந்த கற்கள்

பாலாற்றங்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் தலைவர் பொன்னம்பல அடிகள். அவருடைய சீடர் தணிகாசலம், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்து, தலை நரைத்த பின் மடம் புகுந்தவர். ஆகையால் குரு அவரை ‘ஐயா’ என்றே அழைப்பார்.

மடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு செங்கற்சூளை. தை பிறந்ததும் எங்கிருந்தோ ஏழைக் குடும்பங்கள் அங்கு வந்து சேரும். களத்தின் ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, மழை தொடங்கும்வரை செங்கல் அறுத்துவிட்டுப் போகும். விடியுமுன்பே பெரியவர்கள் மண்ணை மிதித்து அச்சில் இட்டுக் களத்தில் வரிசையாகப் பதிப்பார்கள். அந்தப் பச்சைக்கற்கள் எல்லாப் பக்கமும் காய வேண்டுமானால் அவற்றைப் புரட்டிப் போட வேண்டும். நெருக்கமான வரிசைகளுக்கு நடுவே பெரியவர் கால் பட்டால் கல் சிதைந்துவிடும். அதனால் அது பிள்ளைகளின் வேலை. கனமில்லாத உடம்பே அதற்கு வேண்டிய தகுதி.

அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்று தணிகாசலம் விரும்பினார். அடிகள் திருநீறு கொடுத்து அனுப்பினார்.

உச்சிப்பொழுதில் வேலை சற்று ஓயும். அப்போது களத்தோரத்துப் புங்கமரத்தின் நிழலில் பாடம் நடந்தது. வந்த பிள்ளைகளில் செவ்வந்தி என்ற சிறுமிக்கு ஆர்வம் மிகுதி. ஓர் எழுத்தைக் காட்டினால் அதை மணலில் எழுதுவாள், தொடையில் எழுதுவாள், காற்றில் எழுதுவாள். அவள் தாய் கன்னியம்மா, மரத்துக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

“பெரியவங்க ஒக்காரலாமா சாமி?”

தணிகாசலம் மகிழ்ந்தார். ஆனால் மரத்தடியில் பிள்ளைகளுக்கே நிழல் போதவில்லை.

“கட்டடம் ஒன்று எழும்பட்டும் அம்மா. உங்களுக்கும் இடம் உண்டு” என்றார்.

அன்று முதல் அதே நினைவாக இருந்தார். தம்மோடு முன்னர் வேலை பார்த்தவர்களையெல்லாம் தேடிச் சென்று உதவி பெற்றார். மடத்தின் பின்புற நிலத்தில் அடித்தளத்துக்கு வானம் தோண்டினார்கள். அந்தச் சூளையிலேயே கல்லுக்குச் சொல்லிவைத்தார். ஆனிக்குள் பள்ளி திறக்க வேண்டும் என்று சூளை மேஸ்திரியை நெருக்கினார்.

பங்குனியில் மரத்தடிக் கூட்டம் பாதியாயிற்று. சித்திரையில் செவ்வந்தியும் வரவில்லை. ஒரு பகல் அவர் வெறும் மரத்தடியில் காத்திருந்துவிட்டுக் களத்துக்கு நடந்தார். உச்சிப்பொழுதிலும் களத்தில் வேலை ஓயவில்லை. கன்னியம்மா அச்சை விட்டு நிமிராமலே சிரித்தாள்.

“கல்லு கேட்டது நீங்க. சீக்கிரம் வேணும்னது நீங்க. புள்ளைங்க ஏன் வரலன்னு கேக்கறதும் நீங்கதானா சாமி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். கட்டடம் முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சில நாளில் கொத்தனார் குறை சொன்னார். வந்து இறங்கும் கற்களில் சில நல்லனவாக இல்லையாம். முகத்தில் கீறல் கீறலாக இருக்கிறதாம். இதைச் சுவரில் வைத்தால் நாளைக்குப் பேச்சுக் கேட்பவன் தான்தான் என்று அவர் ஒரேயடியாக மறுத்தார். தணிகாசலம் எட்ட நின்று பார்த்தார். சாம்பல் படிந்த கற்கள். காக்கை கிளறியதோ, நாய் ஓடியதோ. கலைமகள் குடியேறும் இடத்தில் பழுதுபட்ட கல் எதற்கு என்று எண்ணி, அவற்றைக் கிணற்றடியில் ஒதுக்கச் சொன்னார். போகிற வழியில் சூளை மேஸ்திரியிடமும் ஒரு சொல் சொல்லிவைத்தார்.

மேஸ்திரி கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

“யாரு வேலைன்னு தெரியும் சாமி. இனிமே ஒரு கல்லு அப்படி வராது.”

அவ்வாறே, பிறகு வந்த கற்கள் எல்லாம் மழமழவென்று, மாசு மறுவின்றி வந்தன.

வைகாசியில் ஒருநாள் சூளைப் பாதையில் செவ்வந்தி எதிரே வந்தாள். கல் புரட்டும் வேலையிலிருந்து அவளை மண் சுமக்க மாற்றியிருந்தார்கள். அவரைக் கண்டதும் தலைச்சுமையை இடக்கையால் பற்றிக்கொண்டு வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பாடத்துக்கு வராத வெட்கம் என்று நினைத்து அவர் பரிவோடு தலையசைத்துக் கடந்து போனார்.

ஆனியில் நல்ல நாள் பார்த்துப் பள்ளி திறந்தார்கள். விளக்கேற்றிப் பதிகம் பாடினார்கள். சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை. ஆளனுப்பிப் பார்த்தபோது குடிசைகள் வெறுமையாக நின்றன. அவ்வாண்டு மழை முந்திக்கொண்டுவிட்டது. முந்தின நாளே சூளையை அவித்துக் குடும்பங்களை அனுப்பிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று சொல்வார் இல்லை. அடுத்த தையில் எந்தச் சூளைக்குப் போவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

தணிகாசலம் குருவின் முன் வந்து நின்றார். பிறகு கேட்டார்.

“சுவாமி, பசித்தவருக்குச் சோறிட்டால் அமர்ந்து உண்கிறார். எழுத்தை இட்டால் ஏன் எழுந்து போகிறார்? ஊரை விட்டுப் போனதைச் சொல்லவில்லை. இங்கிருந்தபோதே வராமல் நின்றுவிட்டார்களே. அந்தக் குழந்தைகூட.”

அடிகள் எழுந்தார்.

“ஒரு குடம் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஐயா.”

இருவரும் கிணற்றடிக்குச் சென்றார்கள். ஒதுக்கிய கற்கள் அங்கே மழை படாத ஓலைச் சார்ப்பின் கீழ் அடுக்காமல் கிடந்தன. அடிகள் தாமே நீர் இறைத்துக் குடத்தில் நிறைத்தார்.

“ஊற்றுங்கள்.”

தணிகாசலம் ஊற்றினார். சாம்பல் கரைந்து ஓடிற்று. செந்நிறம் தெளிந்தது.

முதற் கல்லின் மேற்புறம் ஒரு ‘ட’ இருந்தது. சின்னஞ்சிறு விரல் ஈரத்தில் அழுத்தி இழுத்தது, தீயில் வெந்து நிலைத்துவிட்டது. அதன் கீழே இன்னொரு ‘ட’. அது கோணலாக இருந்தது. இழுத்த விரலோ அகலமானது.

“இது குழந்தையின் விரல் அன்று” என்றார் தணிகாசலம்.

“அன்று.”

“பெரியவர் ஒருவரின் விரல்.”

“மேலும் ஊற்றுங்கள்.”

அடுத்த கல்லில் ‘ப’. மேலே சிறிய விரல், கீழே பெரிய விரல். அதற்கடுத்த கல்லில் பெரிய விரலின் எழுத்து சற்றே நிமிர்ந்திருந்தது. ஒரு கல்லில் தவறாக எழுதியதைச் சிறு விரல் குறுக்கே அடித்து, பக்கத்தில் திருத்திக் காட்டியிருந்தது. மரத்தடியில் தணிகாசலம் அடித்துத் திருத்துவதும் அப்படித்தான். வேறொரு கல்லில் ‘படம்’ என்ற சொல் முழுமையாக இருந்தது. பெரிய விரல் அதைப் பிழையின்றி எழுதியிருந்தது.

குடம் காலியாயிற்று. அவர் மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தார். அவசரத்தில் பாதி நீர் சிந்திற்று.

கடைசியாக ஒரு கல் எஞ்சியிருந்தது. கழுவினார். மேலே சிறிய விரலால் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. கீழே எழுதுவதற்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

தணிகாசலம் ஈரத்தரையில் உட்கார்ந்தார். அந்தக் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதற்குப் பிறகு வந்த கற்கள் எப்படி இருந்தன, ஐயா?” என்று அடிகள் மெல்லக் கேட்டார்.

“மாசு மறு இல்லாமல் வந்தன, சுவாமி.”

புதுப் பள்ளியின் சுவர் மாலை வெயிலில் பளபளத்தது. ஒரு கீறலும் இல்லை. தணிகாசலம் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எழுதிப் பழகிய ஒரு கை தம்மைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததை நினைத்துக்கொண்டிருந்தார்.

“அவர்கள் வரவே இல்லை என்று எண்ணியிருந்தேன்” என்றார்.

அடிகள் குனிந்து காலிக் குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வந்தார்கள், ஐயா. நாம்தான் கிணற்றடியில் நிறுத்திவிட்டோம்.”