கலர் சாக்பீஸ் பாம்பு கடிக்கும்

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் தணிகாசலம் சார், 'விளையாட்டு வழிக் கற்றல்' பயிற்சிக்குப் போய் வந்த நாளிலிருந்து, அங்கே கொடுத்த துணிப்பையைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை. நேற்றுக் கடைசி இடைவேளையில் அதே பையோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, பி.டி. டீச்சர் ஜெசிந்தா முன்னால் நின்றார்.

"டீச்சர், ஒன்பதாவதுக்கு இன்னைக்குக் கடைசி பீரியட் பி.டி.தானே? எனக்கு விட்டுடுங்க. கொஞ்சம் கணக்கு முடிக்கணும்."

போன மாதம் முழுக்க அந்த பீரியடை அவர்தான் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை கோ-கோ போட்டி. ஜெசிந்தாவின் அணியில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விளையாட்டாவே பாடம் நடத்துறவருக்கு விளையாட்டு பீரியட் எதுக்கு சார்?" என்றார் ஜெசிந்தா.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னப் பத்தித் தெரியாமப் பேசுறீங்க. இதுக்கு முன்னாடி மலைமேல ஒரு ஸ்கூல்ல இருந்தேன். ஒருத்தனுக்கும் வாய்ப்பாடு வராது. கிளாஸ் தரையில சாக்பீஸால ஒரு பரமபதம் வரைஞ்சேன். சரியாச் சொன்னா ஏணி, தப்பாச் சொன்னா பாம்பு. அவ்வளவுதான்! லீவு விட்டாலும் கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றானுங்க. கூட்டிட்டுப் போக வந்த அப்பா அம்மாவும் ஆட உக்காந்துட்டாங்க. ஏன் யாரும் வரலைன்னு பஸ் டிரைவர் தேடி வந்தார். அவரும் உக்காந்துட்டார்."

"பஸ்ல இருந்தவங்க?" என்றேன் நான். தமிழ்த்தாள் திருத்திக்கொண்டிருந்த என் சிவப்புப் பேனா அப்போதே நின்றுபோயிருந்தது.

"அவங்கதான் அடுத்த டீம்."

அப்போது மணி அடித்தது. சார் காதில் விழவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். ஜெசிந்தா மேசைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டு, முகம் நிறைய வியப்போடு கேட்டார்: "அப்புறம் சார்?"

"அப்புறம் என்ன, பாம்பு சீற ஆரம்பிச்சுடுச்சு."

"சாக்பீஸ் பாம்பா?"

"வெள்ளை சாக்பீஸ்னா சீறும், அவ்வளவுதான். கலர் சாக்பீஸ்ல வரைஞ்சா கடிக்கும். அதான் நான் கலரைத் தொடறதே இல்ல. ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெரிய அதிகாரி ஒருத்தர் வந்தார். பிள்ளைங்க அவரையும் ஆட்டத்துல சேத்து, ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டுட்டாங்க. மனுஷன் விட்டத்தைப் பாத்து யோசிச்சு, ஐம்பத்துநாலுன்னார். உச்சிக் கட்டத்துல இருந்த பாம்பு அப்படியே முழுங்கி, வால் வழியா ஒண்ணாங்கிளாஸ்ல விட்டுடுச்சு. இன்னைக்கும் அங்கதான் உக்காந்து அ, ஆ எழுதறார்."

"ஐயோ பாவம், சாப்பாடு?"

"சத்துணவுதான். முட்டையும் உண்டு."

வெளியே "கோ!" என்று ஒரு குரல் கிளம்பியது. பின்னாலேயே ஒரே கூச்சல்.

"யாரது இப்படிக் கத்தறது?"

"எந்த வகுப்போ சார். நீங்க சொல்லுங்க, அந்த ஏணி என்னாச்சு?" ஜெசிந்தா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏணிதான் விஷயமே! வடமலைன்னு ஒருத்தன். காலையில பிரேயர்ல ஒன்பதாம் வகுப்பு வரிசையில நின்னான். பதிலாச் சொல்லித் தள்ளறான், ஏணியா ஏறறான். முதல் பீரியட்ல பத்தாவது பாஸ். இன்டர்வெல்லுக்குள்ள பன்னெண்டாவது. சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள காலேஜ். சாயந்தரம் கலெக்டர்! சைரன் வெச்ச கார்ல வந்து இறங்கி, 'சார், ஹோம்வொர்க் முடிச்சுட்டேன்'னு நிக்கிறான்."

"அப்படியே கல்யாணத்தையும் முடிச்சிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டான். வயசு ஆகலடான்னு திட்டி அனுப்பினேன்."

"அவ்வளவு நல்ல ஸ்கூலை ஏன் சார் விட்டுட்டு வந்தீங்க?" ஜெசிந்தாவின் குரலில் தேன் வழிந்தது.

"என்ன செய்ய டீச்சர்? இருந்த பிள்ளைங்க எல்லாம் ஏணி ஏறி உத்தியோகத்துக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது அந்த அதிகாரி ஒருத்தர்தான். ஒருத்தருக்கு ஒரு வாத்தியாரான்னு என்னை இங்க மாத்திட்டாங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன். "இங்க மட்டும் ஏன் சார் ஒரு மண்புழுகூட வரையல?"

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சிலபஸ் யாரு முடிக்கிறது? பிள்ளைங்க விளையாடிக்கிட்டே இருந்தா எப்பக் கணக்குப் போடறது? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை அவருக்கே கேட்டது. பையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரி டீச்சர், பீரியடை நான் எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க சார்," என்று ஜெசிந்தா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ஆனா இது வீட்டுக்கு விடற மணி."